தளபதியின் விசுவாசம் யாருக்கு?

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் மலைக்கிராம விவசாயிகளும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காலையிலிருந்து பழம் பறித்துவிட்டு, நனைந்த சாக்கைத் தலையிலிருந்து எடுக்கக்கூட நேரமில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் காக்க வைப்பது நியாயமல்ல. ஆனால் இன்று நாம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வியை நமது இளந்தோழர்கள் கேட்டார்கள். அவர்கள் சீனத்துச் சண்டைக் கதைகளைப் படமாகப் பார்க்கிறவர்கள். அந்தக் கதைகளில் கத்தி சுழற்றும் கதாநாயகன் ஒருவன் இருப்பான். அவன் பக்கத்தில் இன்னொருவன் இருப்பான். அதிகம் பேசமாட்டான். பரிசு கேட்கமாட்டான். எதிரி எந்த வழியாக வருவான், எப்போது தூங்குவான், எங்கே தண்ணீர் குடிப்பான் என்று கணக்குப் போட்டுத் தருகிறவன் அவன்தான். வெற்றி வந்தால் பேர் தலைவனுக்கு. தோல்வி வந்தால் முதல் வெட்டு அவனுக்கு. "தோழர், இப்படிப்பட்ட தளபதி நம் நாட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

இரண்டாவது கேள்வியை இந்த மலையைச் சேர்ந்த ஒரு தோழர், கூட்டத்துக்கு முன்னால் டீக்கடையில் வைத்துக் கேட்டார். அவர் பெயர் வேண்டாம். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பறித்த பழத்தை எடைபோடும்போது மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதைச் சிட்டைநோட்டில் தினம் தினம் குறித்து வைத்து, அந்தக் கணக்கைக் காட்டியே நாம் பேச்சுவார்த்தையில் ஜெயிக்கும்படி செய்தவர் அவர். இப்போது தோட்டத்திலிருந்து அவருக்கு ஆள் வந்திருக்கிறது. "நீ புத்திசாலி. மேஸ்திரி வேலை தருகிறோம். லயத்தில் நல்ல வீடு தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏற்றுக்கொள்ளலாமா தோழர்?" என்று அவர் கேட்டார். "எல்லோர் முன்னாலும் பேசலாமா?" என்று நாம் கேட்டோம். "பேசுங்கள்" என்றார்.

தோழர்களே, யோசித்துப் பார்த்தால் இந்த இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான். புத்தியுள்ள ஒருவன் இரண்டாம் இடத்தில் நிற்கிறான். அவனுடைய புத்தி யாருக்குச் சொந்தம்? அவனுடைய விசுவாசம் யாருக்கு?

சீனத்து வாத்தியார்

முதலில் சீனத்துக் கதையையே பார்ப்போம். அங்கே இந்தச் சண்டைக் கதைகளுக்கெல்லாம் மூத்த கதை ஒன்று உண்டு. லியாங்ஷான் என்ற சதுப்பு நிலத்து மலையில் கூடிய 108 வீரர்களின் கதை. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்னால் நாவலாக உருவெடுத்தது. சர்க்கார் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஓடிவந்தவர்கள்தான் அந்த 108 பேரும். அவர்களுக்கு யுத்த தந்திரம் வகுத்தவன் பெயர் வூ யோங். அவன் கத்திவீரன் அல்ல; கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார்!

அவன் போட்ட முதல் திட்டத்தைக் கேளுங்கள். ஒரு பெரிய அதிகாரி, தலைநகரில் மந்திரியாக இருக்கும் தன் மாமனாரின் பிறந்தநாளுக்குப் பெரும் பொக்கிஷத்தைப் பரிசாக அனுப்புகிறான். எல்லாம் குடிமக்களைக் கசக்கிப் பிழிந்த பணம். கொளுத்தும் வெயிலில் சிப்பாய்கள் அதைச் சுமந்துகொண்டு ஒரு மேட்டில் ஏறுகிறார்கள். நிழலில் ஏழு பேரிச்சம்பழ வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது ஒரு கள்ளுக்காரன் இரண்டு வாளி சுமந்து வருகிறான். வியாபாரிகள் ஒரு வாளியை வாங்கிக் குடித்து முடிக்கிறார்கள். இரண்டாவது வாளியிலும் ஒருவன் கொசுறாக ஒரு மொண்டை குடித்துவிடுகிறான். இன்னொருவன் அகப்பையை விட்டு மொள்ளுகிறான். கள்ளுக்காரன் கோபமாக அதைப் பிடுங்கி வாளியிலேயே திரும்ப ஊற்றுகிறான். பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய்கள், "இரண்டு வாளியிலும் குடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று நம்பி, மீதியை வாங்கிக் குடித்தார்கள். குடித்தவர்கள் கைகால் அசையாமல் விழுந்தார்கள். மயக்க மருந்து அந்தக் கடைசி அகப்பையில் இருந்தது! ஏழு வியாபாரிகளில் ஒருவன் நமது வாத்தியார். மூன்று பேர் மீன் பிடிக்கிற அண்ணன் தம்பிகள். கள்ளுக்காரனும் அவர்கள் ஆள்தான்.

ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. எதிரிக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று தெரிந்துகொண்டதுதான் அந்த வாத்தியாருடைய ஆயுதம்.

சரி, இப்பேர்ப்பட்ட மூளை கடைசியில் என்ன ஆயிற்று? அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பின்னால் அந்த மலைக்குச் சோங் ஜியாங் என்பவன் தலைவன் ஆனான். நல்ல மனிதன், கொடையாளி. ஆனால் அவன் மனதில் ஓர் ஆசை இருந்தது. சக்கரவர்த்தி தன்னை மன்னித்து உத்தியோகம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. அவர்கள் கூடும் மண்டபத்துக்கு 'நியாயத்துக்காகக் கூடும் மண்டபம்' என்று பெயர் இருந்தது. சோங் ஜியாங் அதை மாற்றி, 'விசுவாசமும் நியாயமும்' என்று வைத்தான். தோழர்களே, அந்த ஒரு வார்த்தை மண்டபத்துக்குள் நுழைந்தபோதே சக்கரவர்த்தியும் கூடவே நுழைந்துவிட்டான்!

வாத்தியார் தடுத்தானா? தடுக்கவில்லை. முதலில் சர்க்கார் படையைத் தோற்கடித்துப் பயமுறுத்திவிட்டு, பிறகு கௌரவமாக மன்னிப்பு வாங்கலாம் என்று அதற்கும் ஒரு நல்ல திட்டம் போட்டுக் கொடுத்தான். மன்னிப்பு கிடைத்தது. சக்கரவர்த்தி அவர்களை எங்கே அனுப்பினான்? தெற்கே பாங் லா என்பவன் தலைமையில் கிளர்ந்தெழுந்தவர்களை அடக்க அனுப்பினான். பாங் லா கற்பனை ஆள் அல்ல. 1120ஆம் ஆண்டில் சீனாவில் உண்மையாகவே கலகக்கொடி தூக்கியவன். ஏழைகளை வைத்தே ஏழைகளைக் கொல்ல வைத்தார்கள். 108 பேரில் பெரும்பாலோர் அந்தச் சண்டைகளிலேயே மாண்டார்கள். வேலை முடிந்ததும் அரண்மனையிலிருந்து சோங் ஜியாங்குக்கு விஷம் கலந்த மது வந்தது. தலைவன் செத்தான். அவன் சமாதிக்கு வந்த வாத்தியார், அங்கேயே ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டு உயிரை விட்டான்.

கதை கேட்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். நாமும் வருத்தப்படலாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். இத்தனை பெரிய மூளை ஒரு மனிதனுடைய சமாதிக்குமேல் தொங்கிப்போனதே, இதுவா விசுவாசம்? அந்த மீனவர்களுக்கு அவன் விசுவாசமாக இருந்தானா? சீனத்தின் பெரும் எழுத்தாளர் லூ சூன் இந்தக் கதையைக் குறித்து எழுதும்போது, அந்த வீரர்கள் சக்கரவர்த்தியை எதிர்க்கவே இல்லை, அதனால்தான் பெரிய படை வந்ததும் பணிந்து, மற்ற கலகக்காரர்களை அடிக்கப் போனார்கள் என்று அடித்துச் சொன்னார். தலைவன் தப்பான வழியில் போகும்போது 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாத புத்தி எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

கயத்தாற்றுக்குப் பிறகு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

நம் பக்கத்திலேயே சங்ககிரிக் கோட்டை இருக்கிறது. அங்கேதான் 1805இல் தீரன் சின்னமலையைக் கும்பெனிக்காரன் தூக்கில் போட்டான். அவரோடு கூடவே அவருடைய தளபதி கருப்பசேர்வையும் தூக்குமரம் ஏறினார். இரண்டாம் இடத்தில் நின்றவர்களுக்கு நம் மண்ணில் பஞ்சமே இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் இருந்தார்கள். அவர்களை நாட்டுப்பாட்டுக்காரர்கள் மறக்கவில்லை. இப்படிப்பட்ட பாட்டுகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர்களில் முதன்மையானவர் நமது பேராசிரியர் நா. வானமாமலை. கட்டபொம்மன் கதைப்பாடலைப் பதிப்பித்தவர் அவரே.

ஆனால் இன்று நாம் பேசப்போவது, எதிரியே வியந்து எழுதி வைத்த ஒரு தளபதியைப் பற்றி. அவர்தான் கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி. நாடறிந்த பெயர் ஊமைத்துரை.

இந்தத் தோட்டத்தில் 'துரை' என்றால் யாரைச் சொல்கிறோம்? பங்களாவில் இருப்பவரைச் சொல்கிறோம். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சொல் மலையை விட்டு இறங்கவில்லை. ஆனால் நாம் பேசும் துரை வெள்ளைக்காரனை எதிர்த்த துரை. வாய் பேச முடியாதவர்.

1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் ராமநாதபுரத்தில் நிற்க வைத்து விசாரித்தான். கட்டபொம்மனைப் பிடிக்கப் பார்த்தபோது கைகலப்பு மூண்டது. கும்பெனியின் லெப்டினெண்ட் கிளார்க் கொல்லப்பட்டான். கட்டபொம்மன் தப்பி வெளியே வந்தார். அன்றைக்குக் கோட்டை வாசலில் படையோடு நின்று அண்ணனை மீட்டுக்கொண்டு போனவர் ஊமைத்துரை என்று பாட்டு சொல்கிறது. அண்ணன் முன்னால் பேசினார். தம்பி பின்னால் வழியைத் திறந்து வைத்திருந்தார். இரண்டாம் இடத்து ஆளின் வேலை அதுதான்.

1799இல் பானர்மேன் படை வந்தது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் சீனத்து வாத்தியாரை நினைத்துப் பாருங்கள். தலைவன் போய்விட்டான். கோட்டை போய்விட்டது. காலில் விலங்கு. ஊமைத்துரைக்கும் ஒரு மரக்கிளை போதுமே! 'அண்ணனோடு எல்லாம் முடிந்தது' என்று அவர் நினைத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் அவர் நினைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் சிறையில் காத்திருந்தார். காத்திருப்பதும் யுத்த தந்திரத்தில் ஒரு பகுதி.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு. பாளையங்கோட்டையில் வெள்ளை அதிகாரிகள் ஒரு மேஜர் வீட்டில் கூடி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊமைத்துரையின் ஆட்கள் வேடமிட்டு ஊருக்குள் வந்து, சிறைக்காவலை மடக்கி, கைதிகளை விடுவித்தார்கள். விறகு விற்கிறவர்களாகவும் கோவிலுக்குப் போகிறவர்களாகவும் வந்தார்கள் என்பது மக்கள் வழக்கு. விருந்து முடிவதற்குள் பறவைகள் பறந்துவிட்டன. விடிவதற்குள் சுமார் 30 மைல் நடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

மெக்காலே என்ற கும்பெனித் தளபதி படை திரட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தான். தரைமட்டமாக்கிய இடத்தில் மண்கோட்டை நிமிர்ந்து நிற்கிறது! ஒரு வாரத்துக்குள் கட்டிவிட்டார்கள். யார் கட்டினார்கள்? பாளையக்காரர் வீட்டுப் பிள்ளைகளா மண் மிதித்தார்கள்? சுற்றுப்பட்டி ஜனங்கள் கட்டினார்கள். மண் வெட்டியவன், தண்ணீர் சுமந்தவள், சுவர் வைத்தவன் — அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் ஊமைத்துரை வெறும் தப்பியோடிய கைதிதான்.

மெக்காலே அன்றைக்குத் திரும்பிப் போனான். மார்ச் 31ஆம் தேதி பீரங்கியோடு வந்து தாக்கினான். பெருத்த சேதத்தோடு அன்றும் முறிந்தான். அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம், வெளியிலிருந்து பெரும்படை வந்து சேரும்வரை, கும்பெனி அந்த மண்சுவருக்கு முன்னால் காத்துக் கிடந்தது.

உள்ளங்கையில் துரும்பு

அந்தப் போரில் கும்பெனிப் பக்கம் நின்றவன் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி. 1830இல் அவன் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி விரிவாகச் சொல்கிறான். ஒல்லியான, நோயாளி மாதிரி தோற்றமுள்ள, நெட்டையான வாலிபர். ஆனால் அவர் காட்டும் சிறு சைகையும் அந்த ஜனங்களுக்கு வேதவாக்கு என்கிறான். அவர் இல்லாமல் எந்த ஆலோசனையும் நடக்கவில்லை; அவர் முன்னே போகாமல் எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை என்கிறான்.

வாய் பேசாத ஒருவர் ஆயிரக்கணக்கான பேருக்குப் போர்த்திட்டத்தை எப்படிச் சொன்னார்? அதையும் வெல்ஷ் சொல்கிறான். தரையிலிருந்து சில துரும்புகளைப் பொறுக்குவாராம். இடது உள்ளங்கையில் அவற்றை வரிசையாக வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரன் படை. எந்த நேரத்தில், எந்தப் பக்கம் என்பதைச் சைகையால் காட்டுவாராம். பிறகு வாயால் 'உஷ்' என்று ஓர் ஓசை எழுப்பி, வலது கையால் அந்தத் துரும்புகளை ஒரே வீச்சில் தள்ளிவிடுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு! அந்தத் தாக்குதலில் முதல் ஆளாகப் போகிறவரும் பெரும்பாலும் அவரேதானாம்.

தோழர்களே! இதைவிடச் சிறந்த அரசியல் வகுப்பை நாம் கேள்விப்பட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். சேரிக்காரனுக்கும் விளங்கும். பதினைந்து வயதுப் பையனுக்கும் விளங்கும். பெரிய திட்டத்தைத் தன் மண்டைக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாமல், எல்லோரும் பார்க்கும்படி விரித்து வைத்த உள்ளங்கை அது. எதிரி பெரிய மலை அல்ல, எண்ணி வைக்கக்கூடிய துரும்பு என்று பயத்தைப் போக்குகிற பாடமும் அதில் உண்டு. நமது தோழர் சிட்டைநோட்டில் எடைக்கணக்கை எழுதி வைத்தாரே, அதுவும் இப்படிப்பட்ட துரும்புதான்.

ஒரு தாயின் கதை

மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை தாக்கிக் கோட்டையைப் பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் கட்டுக்குலையாமல் திரளாக வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்தி வெட்டியது. ஊமைத்துரை உடம்பெல்லாம் காயத்தோடு பிணங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார்.

பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் தங்கள் ஆண்மக்களைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உயிர் இருந்தது. தூக்கப் போனாள். அந்தப் பையன், "என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்று கேட்டுக்கொண்டான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அந்தத் தாயும் மற்றப் பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கும்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். உடனே அந்தப் பெண்கள் அவரைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். "யார்?" என்று கேட்டதற்கு, "அம்மை போட்டுச் செத்துப்போன பிள்ளை" என்றார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

இதையும் எழுதி வைத்தவன் அந்த வெல்ஷ்தான். நாம் கட்டிச் சொல்கிற கதை அல்ல.

இங்கே யுத்த தந்திரம் வகுத்தது யார்? தளபதி நினைவில்லாமல் கிடக்கிறார். ஒரு கணத்தில் எதிரியின் பயம் எது என்று கண்டு, அம்மை என்ற ஒரே சொல்லால் ஆயுதம் ஏந்தியவர்களைத் துரத்தினார்களே பெண்கள், அவர்கள் வகுத்தார்கள்! சீனத்து வாத்தியாரின் அகப்பை மருந்துக்கு இது எந்த விதத்தில் குறைந்தது? தளபதி தன் புத்தியை ஜனங்களோடு பகிர்ந்துகொண்டால், தளபதி விழும்போது ஜனங்களே தளபதியாகிறார்கள். இதுதான் நாம் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம்.

அப்புறமும் அவர் ஓயவில்லை. காயம் ஆறியதும் சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அந்த ஜூன் 16ஆம் தேதி சின்னமருது வெளியிட்ட பிரகடனம் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர்ந்து வெள்ளையனை எதிர்க்க அழைத்த பிரகடனம் அது. தன் அண்ணனுடைய பாளையம் என்று தொடங்கியவர், எல்லாருடைய நாடு என்ற இடத்துக்கு வந்து நின்றார். மருது சகோதரர்கள் அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரையைப் பிடித்து, நவம்பர் 16ஆம் தேதி அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

தோற்றது ஏன்?

நாம் உண்மையை மறைத்துப் பேசுகிறவர்கள் அல்ல. பாளையக்காரர்கள் யார்? உழுகிறவனிடம் வரி வாங்கியவர்கள்தான். கும்பெனிக்குக் கிஸ்தி கட்டுவதா வேண்டாமா என்பது அவர்கள் சண்டை. அந்தக் கிஸ்தியை வியர்வை சிந்தி உண்டாக்கியவன் குடியானவன். நிலம் உழுகிறவனுக்கு என்று எந்தப் பாளையக்காரரும் சொல்லவில்லை. அதனால் ஒரு பாளையத்து ஜனம் எழுந்தபோது அடுத்த பாளையத்து ஜனம் எதிர்ப்பக்கம் நின்றது. எட்டயபுரத்து ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பக்கத்து ஊர்தான். அதே கம்பங்கஞ்சி குடித்தவர்கள்தான். நம்மில் ஒருவனைப் பிடித்து நம்மைத் தேட அனுப்புவது அன்றைக்கே அவர்கள் கண்ட வழி.

அந்தப் போர் முடிந்து சுமார் இருபது ஆண்டில், 1820களில், இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். 1792லேயே சேலம் சீமையைத் திப்புவிடமிருந்து கும்பெனி வாங்கிவிட்டது. 1801இல் தெற்கிலும் எதிர்ப்பு ஒடுங்கியது. பிறகு துரைமார்கள் நிம்மதியாக மலையேறினார்கள். காலகாலமாக இங்கே தினையும் சாமையும் விதைத்த மலைமக்கள் காப்பித் தோட்டத்தில் கூலியாக நின்றார்கள். தோட்டத்தை நடத்தத் துரை ஒருவன் போதுமா? போதாது. ஆளைக் கூட்டிவர, ஆளை எண்ண, ஆளை அதட்ட, நம்மவரில் ஒருவர் வேண்டும். அவர்தான் மேஸ்திரி. முதலாளியின் தளபதி! அவரும் விசுவாசி, அவரும் கெட்டிக்காரர். ஆனால் அவர் கையில் இருக்கும் துரும்புகள் யார்? நாம்!

நம் அனுபவம் ஒன்று

நாமும் ஒரு காலத்தில் சமவெளியில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் பார்த்தவர்கள்தான். எங்களோடு ஒரு நண்பர் இருந்தார். ஆலையில் பஞ்சு இருப்பு எவ்வளவு, நூல் எந்தத் தேதியில் போக வேண்டும் என்று விரல்நுனியில் வைத்திருப்பார். அவர் சொன்ன நாளில் வேலைநிறுத்தம் தொடங்கினோம். ஒன்பதாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. சங்கத் தலைவர்மேல் அவருக்கு உயிர். தலைவர் நோயில் விழுந்து இறந்தார். மயானத்திலிருந்து திரும்பும்போதே நண்பர் சொன்னார்: "அண்ணனே போயிட்டார், இனி எனக்கென்ன சங்கம்?" ஆறு மாதத்தில் அவர் மேஸ்திரி. அடுத்த வேலைநிறுத்தத்தில், சங்கத்தின் கையில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்பது எங்களுக்கு முன்னால் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. தோற்றோம்.

ரொம்ப நாள் அவரைத் திட்டினோம். பிறகுதான் எங்கள் தப்பும் தெரிந்தது. அந்தக் கணக்கை அவரிடமிருந்து நாங்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று சும்மா இருந்தோம். அவர் ஒரு மனிதருக்கு விசுவாசமாக இருந்தார். நாங்கள் ஒரு மனிதரின் மூளைமேல் உட்கார்ந்திருந்தோம். இரண்டும் ஒரே வியாதிதான்.

கேள்விக்குப் பதில்

ஆகவே, தோழரே, டீக்கடையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறோம்.

உங்கள் வீட்டில் நோயாளித் தாய் இருக்கிறார். லயத்துக் கூரை ஒழுகுகிறது. அதெல்லாம் நமக்குத் தெரியும். 'மேஸ்திரியானால் துரோகி' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு மலை இறங்கிப் போய்விடுவது சுலபம். அது நியாயமல்ல. ஆனால் உங்களுக்கு அழைப்பு ஏன் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் நீங்கள் கவாத்து வெட்டியபோது வராத அழைப்பு, எடைக்கணக்கை வாசித்துக் காட்டிய பிறகு வந்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் கை அல்ல, உங்கள் சிட்டைநோட்டு.

டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் — நாற்பது வருஷம் பழம் பறித்த கை அது — எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவன் மேஸ்திரி ஆயிட்டா, எடை போடற எடத்துல நம்ம பக்கம் யாரு தம்பி நிக்கறது?" இதைவிட நன்றாக நமக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்களோ, அதுவே உங்கள் கேள்விக்கும் பதில்.

முடிவு உங்களுடையது. ஆனால் எந்த முடிவு எடுத்தாலும் கட்சி உங்களிடம் ஒன்று கேட்கிறது. நாளை முதல் மூன்று பேருக்கு அந்தக் கணக்கைக் கற்றுக் கொடுங்கள். ஒருவர் இளைஞராக இருக்கட்டும். ஒருவர் மலைக்கிராமத்து விவசாயியாக இருக்கட்டும். மிளகு விற்கப் போகும் இடத்திலும் இதே எடைக்கல்தான். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். பழம் பறிப்பதும் எடைபோடும் இடத்தில் வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்.

மற்றத் தோழர்களுக்கும் சொல்கிறோம். ஒரு தோழரின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அவர் தடுமாறும்போது மட்டும் விரல் நீட்டாதீர்கள். அவர் வீட்டுக் கூரை ஒழுகும்போது போய் நின்றோமா? அவர் தாய்க்கு மருந்து வாங்க உதவினோமா? அந்தப் போர்க்களத்துப் பெண்கள் தளபதியைத் தோளில் சுமந்தார்களே, நாம் சுமந்தோமா? விசுவாசம் ஒருவழிப் பாதை அல்ல.

இந்த மலையின் இருபது வளைவுகளையும் கடந்து கீழே போனால் சேலம் மத்தியச் சிறை இருக்கிறது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் நமது தோழர்கள் 22 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்வரிசைத் தலைவர்கள் அல்ல. சாதாரண விவசாயிகள், தொழிலாளிகள். எந்த ஒரு மனிதருக்காகவும் அவர்கள் அங்கே நிற்கவில்லை. அதனால்தான் அவர்களோடு அது முடியவும் இல்லை.

ஊமைத்துரையைத் தூக்கிலிட்ட பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் இடித்தார்கள். அந்த இடத்தை உழுதுவிட்டு, அந்தப் பெயரே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பெயர் போயிற்றா? 200 வருஷத்துக்குப் பிறகு, அந்த ஊரைக் கண்ணால் பார்க்காத நாம், வாய் பேசாத ஒருவரைப் பற்றி இந்த மழையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேரமாகிவிட்டது. தூரத்து லயங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து போங்கள். காட்டெருமை இறங்குகிற நேரம். கணக்கு கற்றுக்கொள்ள விரும்பும் அந்த மூன்று பேரும் கலைவதற்கு முன்னால் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தொழிலாளர் விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!